ஒரு டன் போல்ட்டுக்கு எத்தனை டன் புகை?

2026 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழையும் இரும்புப் பொருள்களுக்கு இரண்டு எடைகள் பார்க்கப்படுகின்றன. ஒன்று பொருளின் எடை. மற்றொன்று, அதைச் செய்தபோது காற்றில் கலந்த கரியமில வாயுவின் எடை. முதல் எடையைத் தராசு சொல்லிவிடும். இரண்டாவதைச் சொல்ல வேண்டியது, பொருளைச் செய்த தொழிற்சாலை. அது சொல்லாவிட்டால் ஐரோப்பிய ஆணையம் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் ஓர் எண் அந்த இடத்தில் வந்து உட்காரும். அந்த எண் நமக்குச் சாதகமாக எழுதப்பட்டதல்ல.

இந்த ஏற்பாட்டின் பெயர் கார்பன் எல்லைச் சரிக்கட்டு முறை. ஏற்றுமதியாளர்கள் சுருக்கமாக ‘சிபாம்’ என்கிறார்கள். 2023 மே மாதம் சட்டமானது. 2023 அக்டோபர் 1 முதல் 2025 டிசம்பர் 31 வரை அறிக்கை மட்டும் கொடுத்தால் போதும், பணம் கட்ட வேண்டியதில்லை என்று இரண்டேகால் ஆண்டு அவகாசம் இருந்தது. அந்த அவகாசமே பெரிய தீங்கைச் செய்துவிட்டதாக நான் நினைக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்குபவர் அனுப்பும் எக்செல் படிவத்தை யாரோ ஒரு கணக்கர் எப்படியோ நிரப்பி அனுப்பினார். யாரும் கேள்வி கேட்கவில்லை. எனவே இது படிவம் நிரப்பும் வேலை என்ற எண்ணம் பல தொழிற்சாலைகளில் ஊன்றிவிட்டது. இப்போது அதே கட்டத்தில் எழுதும் எண்ணுக்கு விலை உண்டு.

சிமென்ட், இரும்பு-எஃகு, அலுமினியம், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகிய ஆறு துறைகள் இதில் வருகின்றன. இரும்பு என்றவுடன் ஜாம்ஷெட்பூரையும் பிலாயையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். போல்ட், நட்டு, ஸ்குரு, வாஷர், குழாய், குழாய் இணைப்புகள், இரும்புக் கட்டுமானச் சட்டங்கள் எல்லாம் பட்டியலில் உண்டு. அம்பத்தூரிலும் ஓசூரிலும் கோவையிலும் நடுத்தர நிறுவனங்கள் செய்யும் பொருள்கள் இவை. பிரிட்டன் 2027 ஜனவரி 1 முதல் தன் சொந்த எல்லைக் கார்பன் வரியைத் தொடங்குகிறது. ஐரோப்பிய ஆணையமோ, இரும்பும் அலுமினியமும் அதிகம் சேர்ந்த சுமார் 180 பொருள்களைப் பட்டியலில் கூட்டலாம் என்று 2025 டிசம்பரில் முன்மொழிந்திருக்கிறது.

‘நாங்கள் வருஷத்துக்கு இருபது டன்தான் அனுப்புகிறோம், ஐம்பது டன்னுக்குக் கீழே என்றால் விலக்கு உண்டாமே’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. 2025 அக்டோபரில் வந்த திருத்தம் அப்படியொரு விலக்கைக் கொடுத்தது உண்மை. ஆனால் ஐம்பது டன் என்பது இறக்குமதி செய்பவரின் ஓராண்டு மொத்தக் கணக்கு. ஹாம்பர்க்கில் உள்ள வியாபாரி உங்களிடம் இருபது டன்னும், தைவானிலிருந்து முப்பதும், துருக்கியிலிருந்து நாற்பதும் வாங்கினால் உங்கள் இருபது டன்னுக்கும் கணக்கு உண்டு. விலக்கு அவருக்கா இல்லையா என்பதை அவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

இதைவிடப் பெரிய தவறான புரிதல் ஒன்று இருக்கிறது. அதை விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் விலை பேசும்போது பலர் அதை நம்பியே பேசுகிறார்கள்.

ஐரோப்பாவின் சொந்த எஃகு ஆலைகளுக்கு உமிழ்வு உரிமங்கள் இதுவரை பெருமளவில் இலவசமாகக் கிடைத்தன. அந்த இலவசத்தை 2034க்குள் படிப்படியாக நிறுத்துகிறார்கள். 2026ல் 2.5 சதவீதம் குறையும், 2030ல் 48.5 சதவீதம் குறைந்திருக்கும். 2034ல் முழுவதும் போய்விடும். இதைப் படித்தவர்கள், ‘முதல் வருஷம் நம் உமிழ்வில் ரெண்டரை சதவீதத்துக்குத்தானே பணம்’ என்று முடிவு கட்டிவிட்டார்கள். அது தவறு. இறக்குமதியாளருக்குக் கிடைக்கும் கழிவு, உங்கள் உமிழ்வில் 97.5 சதவீதம் அல்ல. ஐரோப்பா நிர்ணயித்திருக்கும் ஓர் அளவுகோல் உமிழ்வில் 97.5 சதவீதம். அந்த அளவுகோல், திறமையாக இயங்கும் ஆலைகளை வைத்து, உற்பத்தி வழிக்கு ஏற்ப எழுதப்பட்டது. அதற்கு மேல் நீங்கள் உமிழ்ந்த ஒவ்வொரு கிலோவுக்கும் முதல் ஆண்டிலிருந்தே முழுப் பணம்.

ஒரு போல்ட் தொழிற்சாலையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஒரு டன் போல்ட்டுக்குள் 2.7 டன் நேரடி உமிழ்வு அடங்கியிருக்கிறது. அளவுகோல் 1.4 டன். அதில் 97.5 சதவீதம் 1.365. மீதி 1.335 டன்னுக்குச் சிபாம் சான்றிதழ் வாங்க வேண்டும். ஐரோப்பியக் கார்பன் சந்தையில் டன் 70 யூரோ என்றும், யூரோ நூறு ரூபாய் என்றும் கொண்டால், டன் போல்ட்டுக்குச் சுமார் 9,345 ரூபாய். ‘ரெண்டரை சதவீதம்’ என்று நம்பியவர் போட்ட கணக்கு என்ன? 2.7 டன்னில் 2.5 சதவீதம், அதாவது 67.5 கிலோ, 473 ரூபாய். இந்த 473ஐ மனத்தில் வைத்துக்கொண்டு, ‘கார்பன் செலவை நாங்களே ஏற்றுக்கொள்கிறோம்’ என்று ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவருக்கு இருபது மடங்கு பில் வரும். அதே உற்பத்தி வழியில் 1.9 டன் உமிழ்வோடு போல்ட் செய்யும் போட்டியாளருக்கு அதே ஆண்டில் 3,745 ரூபாய்தான். இருவருக்கும் இடையே டன்னுக்கு 5,600 ரூபாய். போல்ட் வியாபாரத்தில் ஆர்டர் கைமாற அந்த இடைவெளி போதும்.

சட்டப்படி பணம் கட்டுபவர் இறக்குமதியாளர், நாமல்ல. இது ஆறுதல் தரக்கூடிய செய்தியாகப் பலருக்குத் தெரிகிறது. கட்டியதை அவர் யாரிடம் பிடிப்பார் என்பதை ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்த 2.7 எங்கிருந்து வந்தது? நடுத்தரத் தொழிற்சாலைகள் மிகவும் தடுமாறுவது இங்கேதான். முதலாளியிடம் கார்பன் கணக்கு என்று சொன்னால் அவர் உடனே காட்டுவது இபி பில்லையும் ஜென்செட்டுக்கு வாங்கிய டீசல் பில்லையும். கூரையில் சோலார் போட்டது, விளக்குகளை எல்இடிக்கு மாற்றியது, மரம் நட்டது எல்லாவற்றையும் சொல்வார். நல்ல காரியங்கள்தாம். ஆனால் போல்ட்டின் உமிழ்வில் பத்தில் ஒன்பது பங்கு அந்தச் சுற்றுச்சுவருக்குள் நடக்கவே இல்லை. எங்கோ ஊது உலையில் நிலக்கரிக் கோக் எரித்து இரும்பு உருக்கியபோதே நடந்து முடிந்துவிட்டது. நம் தொழிற்சாலைக்கு வயர் ராட் சுருளாக வந்து இறங்கும்போது அது தன்னோடு அந்தப் புகையைச் சுமந்துகொண்டுதான் வருகிறது.

நம் உதாரணத்தில் வயர் ராடுக்கு டன்னுக்கு 2.4 டன் உமிழ்வு என்று வைத்துக்கொள்வோம். ஒரு டன் போல்ட் செய்ய ஒரு டன் கம்பி போதாது. முனை வெட்டு, தலையடிப்பில் வரும் கழிவு, த்ரெட் உருட்டும்போது ஒதுக்கப்படுபவை, தரச்சோதனையில் தள்ளப்படுபவை எல்லாம் சேர்த்து 1.08 டன் வேண்டும் என்றால், 2.4ஐ 1.08ஆல் பெருக்க வேண்டும்: 2.59. ஹீட் ட்ரீட்மென்ட் உலைக்குச் செலவான எல்பிஜி 35 கிலோ. கிலோவுக்குச் சுமார் 3 கிலோ கரியமில வாயு என்றால் 0.1 டன். கூட்டினால் 2.7.

கழிவைப் பெருக்காமல் விடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. ஸ்கிராப்பைத்தான் விற்றுவிட்டோமே, அதன் உமிழ்வு அதோடு போயிற்று என்று நினைக்கிறார்கள். சிபாம் விதிகளில் ஸ்கிராப் வெளியே போகும்போது பூஜ்ஜிய உமிழ்வோடு போகிறது. அதன் பாரம் முழுவதும் நல்ல போல்ட்டின் மேல்தான் ஏறும். மேலே சொன்ன கணக்கில் இந்த ஒரு தவறுக்கு மட்டும் டன்னுக்கு 0.19 டன் குறைத்துக் காட்டப்படும். ஆண்டுக்கு 500 டன் அனுப்புபவருக்கு அது 6.7 லட்சம் ரூபாய் வித்தியாசம். சரிபார்ப்பவர் வந்து கொள்முதல் எடையையும் விற்பனை எடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முதல் மணி நேரத்திலேயே தெரிந்துவிடும்.

வயர் ராடின் 2.4 என்ற எண்ணை யார் கொடுப்பது? பெரிய ஆலையிலிருந்து நேராக வாங்குபவர் கேட்டுப் பெறலாம். ஆனால் சிறியவர்கள் வாங்குவது டீலரிடம். டீலரின் கிடங்கில் மூன்று ஆலைகளின் சுருள்கள் அடுக்கி இருக்கும். எஃகின் வழி மாறினால் எண் எவ்வளவு மாறும் என்பதைப் பாருங்கள்: ஊது உலை வழியில் உலகச் சராசரி டன்னுக்குச் சுமார் 2.3 டன், ஸ்கிராப்பை மின்வில் உலையில் உருக்கினால் சுமார் 0.7. இந்தியாவுக்கென்று இன்னொரு வழியும் இருக்கிறது. உலகிலேயே அதிகமாக ஸ்பாஞ்ச் அயர்ன் செய்யும் நாடு நாம். அதில் பெரும்பகுதி ஒடிசாவிலும் சத்தீஸ்கரிலும் நிலக்கரியைக் கொண்டு செய்யப்படுகிறது. உமிழ்வில் அது ஊது உலைக்குக் குறைந்ததல்ல. அதை இண்டக்‌ஷன் உலையில் ஸ்கிராப்போடு கலந்து உருக்கிய கம்பியும் சந்தையில் உண்டு. மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆலைச் சோதனைச் சான்றிதழில் ஹீட் நம்பரும் வேதியியல் விகிதங்களும் இழுவிசையும் இருக்கும், உமிழ்வு இருக்காது.

இந்த இடத்தில் வேறொரு ஆவணத்தை எடுத்து ஒட்டிவிடும் பழக்கம் தொடங்கியிருக்கிறது. மத்திய எஃகு அமைச்சகம் 2024 டிசம்பரில் பசுமை எஃகுக்கு வரையறை வெளியிட்டது. முடிவுற்ற எஃகு டன்னுக்கு 2.2 டன்னுக்குக் கீழே உமிழ்ந்தால் பசுமை எஃகு; 1.6க்குக் கீழே என்றால் ஐந்து நட்சத்திரம். இந்தியச் சராசரி 2.5 டன் அளவில் இருக்கும்போது இது பயனுள்ள தொடக்கம் என்றே சொல்வேன். ஆனால் அந்த எண்ணில் மின்சாரத்தின் உமிழ்வும் சேர்ந்திருக்கிறது. சிபாம் கேட்பது இரும்புக்கு நேரடி உமிழ்வு மட்டும். கணக்கின் எல்லை வேறு, எனவே எண்ணும் வேறு. நட்சத்திரச் சான்றிதழில் உள்ளதை அப்படியே ஐரோப்பியப் படிவத்தில் எழுதினால் அது நல்லெண்ணத்தில் செய்த பிழையாக இருக்கலாம், பிழை பிழைதான்.

மின்சாரத்துக்கு வருவோம், ஏனென்றால் தமிழ்நாட்டில் இது தனிக் கதை.

சிமென்டுக்கும் உரத்துக்கும் மின்சார உமிழ்வைச் சேர்த்துக் கணக்கிடும் சிபாம், இரும்பு-எஃகுக்கும் அலுமினியத்துக்கும் இப்போதைக்கு அதைச் சேர்ப்பதில்லை. ஆகவே கூரையில் போட்ட சோலார், போல்ட்டின் எல்லைக் கட்டணத்தில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்காது. அதற்காக மின்சாரக் கணக்கை விட்டுவிடலாமா என்றால் முடியாது. அதே போல்ட்டை வாங்கும் கார் நிறுவனம் தனியாக ஒரு கேள்வித்தாள் அனுப்பும். அது கேட்பது ஐஎஸ்ஓ 14067 முறையிலான பொருள் கார்பன் தடம். அதில் மின்சாரம், போக்குவரத்து, அட்டைப்பெட்டி எல்லாம் உண்டு. உள்நாட்டிலும், சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் 2022-23 முதல் செபியின் பொறுப்பு அறிக்கையைக் கட்டாயம் கொடுக்கின்றன. தங்கள் சப்ளையர்களிடம் எண் கேட்கத் தொடங்கிவிட்டன. ஒரே போல்ட்டுக்கு இரண்டு சரியான எண்கள் இருக்கலாம். எது எதற்கு என்று எழுதி வைக்காத தொழிற்சாலையில் ஒன்றின் இடத்தில் மற்றொன்று போய்விடும். பிறகு இரண்டு ஆவணங்களும் ஒரே வாங்குபவரின் மேசையில் முரண்பட்டுக் கிடக்கும்.

மத்திய மின்சார ஆணையம் 2023-24க்கு வெளியிட்ட எண்படி, இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு 727 கிராம் கரியமில வாயு. தொகுப்பிலிருந்து எடுப்பவர் யூனிட்டுகளை இதனால் பெருக்கினால் போதும். ஆனால் கோவை, திருப்பூர்ப் பகுதித் தொழிற்சாலைகளில் பலருக்கு முப்பந்தலிலோ உடுமலையிலோ கயத்தாற்றிலோ சொந்தக் காற்றாலை இருக்கும். அல்லது கூட்டுக் காற்றாலையில் பங்கு இருக்கும். ஆடிக் காற்றில் ஓடிய யூனிட்டை வாரியத்தில் பேங்கிங் வைத்து, காற்று இல்லாத மாதங்களில் கழித்துக்கொள்வார்கள். பில்லில் இது பணக்கணக்காகச் சரி. உமிழ்வுக் கணக்கில் பூஜ்ஜியம் என்று எழுதும் முன் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். அந்தக் காற்றாலைக்குப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சான்றிதழ் பெற்று வேறு யாருக்காவது விற்றிருக்கிறார்களா? விற்றிருந்தால் பசுமை என்ற உரிமை வாங்கியவருக்குப் போய்விட்டது. அதே யூனிட்டைப் பங்குதாரர் இருவர் தங்கள் தங்கள் அறிக்கையில் காட்டுகிறார்களா? கார்பன் கணக்குக்கான சர்வதேச நெறிமுறை 2015லிருந்து கேட்பதுபோல, தொகுப்புச் சராசரிப்படி ஓர் எண்ணும் ஒப்பந்தப்படி ஓர் எண்ணும் தனித்தனியாகக் காட்டப்பட்டிருக்கின்றனவா? பெரும்பாலும் இரண்டாவது எண் மட்டுமே காட்டப்படுகிறது.

இதில் வரப்போகும் மாற்றம் தமிழ்நாட்டை நேரடியாகத் தொடும். அந்த நெறிமுறையைத் திருத்தும் வரைவு 2025 அக்டோபரில் பொதுக் கருத்துக்கு வந்தது. பசுமை மின்சாரத்தை ஆண்டுக்கு மொத்தமாகப் பொருத்தாமல், எந்த மணி நேரத்தில் பயன்படுத்தினோமோ அந்த மணி நேரத்தில் உற்பத்தியானதோடு பொருத்த வேண்டும் என்பது அதன் மையம். அது இறுதியானால் ஜூலைக் காற்றை ஜனவரி இரவு ஷிப்ட்டுக்குக் காட்ட முடியாது. பேங்கிங்கை நம்பி ‘நூறு சதவீதம் காற்று மின்சாரம்’ என்று வாங்குபவருக்கு எழுதிக் கொடுத்தவர்கள் அந்த வாக்கியத்தை இப்போதே திரும்பப் படிக்க வேண்டும்.

ஃபவுண்டரிகளில் பிழை வேறு இடத்தில் நுழைகிறது. கோவையின் வார்ப்பாலைகள் கோக் எரிக்கும் குபோலாவிலிருந்து பெருமளவு இண்டக்‌ஷன் உலைக்கு மாறிவிட்டதால் அங்கே மின்சாரமே பெரிய பங்கு. உலைக்காரர் ஒரு டன் உருக்க 600 யூனிட் ஆகிறது என்பார். அதை 727 கிராமால் பெருக்கி 436 கிலோ என்று எழுதிவிடுவார்கள். ஆனால் 600 யூனிட் என்பது ஒரு டன் திரவ உலோகத்துக்கு. ஊற்றிய உலோகத்தில் ரன்னரும் ரைசரும் வெட்டப்பட்டு உலைக்கே திரும்பப் போகும். நல்ல வார்ப்பாக நிற்பது 60 சதவீதம் என்றால் ஒரு டன் வார்ப்புக்கு 1,000 யூனிட், 727 கிலோ. அதிலும் நூற்றுக்கு ஐந்து ரிஜெக்‌ஷன் என்றால் 765 கிலோ. திரும்பிப் போகும் ரன்னர் இலவசம் என்று நினைப்பதுதான் இதற்குக் காரணம். உலோகம் வேண்டுமானால் இலவசமாக இருக்கலாம், அதை மறுபடி உருக்கும் மின்சாரம் இலவசமில்லை. பம்பும் வால்வும் இன்று சிபாம் பட்டியலில் இல்லை என்பதால் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். வாங்குபவரின் கேள்வித்தாள் அதற்காகக் காத்திருப்பதில்லை.

இணையத்தில் கிடைக்கும் உமிழ்வுக் காரணிகளை இரவல் வாங்குவதிலும் பிழை நுழைகிறது. பிரிட்டிஷ் அரசின் அட்டவணை இலவசமாகவும் அழகாகவும் கிடைப்பதால் எல்லோரும் அதையே எடுக்கிறார்கள். டீசலுக்கு அதனால் பெரிய பாதகம் இல்லை; உலகெங்கும் லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோதான். நிலக்கரிக்கு அப்படியில்லை. அந்த அட்டவணையில் தொழில் நிலக்கரி டன்னுக்குச் சுமார் 2.4 டன். நம் நிலக்கரியில் சாம்பல் 35 முதல் 45 சதவீதம் வரை இருக்கும். கிலோவுக்கு 4,000 கிலோகலோரி தரும் கரியை எரித்தால் சுமார் 1.6 டன்தான் வரும். இங்கே பிழை நமக்கு எதிராகவே நடக்கிறது: செய்யாத உமிழ்வுக்குப் பொறுப்பேற்றுக்கொள்கிறோம். கரி வாங்கும்போதே வரும் கலோரி சோதனை அறிக்கையைக் கோப்பில் வைத்தால் போதும், இதைத் தவிர்க்கலாம்.

கண்ணில் படாத சிறு விஷயங்களும் உண்டு. பழைய சில்லரில் ஆர்-22 வாயு கசிந்து ஆண்டுக்குப் பத்து கிலோ நிரப்பினால் அது 18 டன் கரியமில வாயுவுக்குச் சமம். 6,700 லிட்டர் டீசல் எரித்ததற்கு ஈடு. ஏசி மெக்கானிக்கின் பில் பராமரிப்புச் செலவில் போய்விடுவதால் கார்பன் கணக்குப் போடுபவர் அதைப் பார்ப்பதே இல்லை.

பாய்லருக்கு விறகு எரிக்கிறோம், அது பூஜ்ஜியம் என்று எழுதுவதும் தானாகக் கிடைக்கும் உரிமையல்ல. விறகு எங்கிருந்து வந்தது, மறுபடி வளர்கிறதா என்பதற்கு ஆதாரம் வேண்டும். இல்லையென்றால் ஐரோப்பிய விதிகளில் அதுவும் கரிதான்.

குறைத்துக் காட்டினால் என்ன ஆகும்? 2026 முதல், சொந்த எண்ணைப் பயன்படுத்த வேண்டுமானால் அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளர் ஒப்புதல் தர வேண்டும். மீட்டர், கொள்முதல் பில், ஸ்டாக் பதிவேடு, உற்பத்திப் பதிவேடு நான்கும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று அவர் பார்ப்பார். பொருந்தாவிட்டால் ஒப்புதல் இல்லை. ஒப்புதல் இல்லாவிட்டால் ஆணையம் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் அந்த எண், அதாவது இயல்பு மதிப்பு. அதன் மேல் ஆண்டுக்கு ஆண்டு ஏறும் ஒரு கூடுதல் சுமையும் வைத்திருக்கிறார்கள், சொந்தக் கணக்கு இல்லாதவர்களுக்கு அது வசதியாகிவிடக் கூடாது என்பதற்காகவே. சான்றிதழைக் குறைவாக ஒப்படைத்த இறக்குமதியாளருக்கு டன்னுக்கு 100 யூரோவும் விலைவாசிக்கேற்ற கூடுதலும் அபராதம். அபராதம் கட்டிய பிறகும் அந்தச் சான்றிதழை வாங்கித்தான் ஆக வேண்டும். அந்த நிலைக்கு ஒரு வாங்குபவரைத் தள்ளிய சப்ளையருக்கு அடுத்த ஆர்டர் வராது.

துணித் தொழிலில் இந்தப் பாடம் ஏற்கெனவே நடந்துவிட்டது. ஹிக் என்ற குறியீட்டைக் கொண்டு ஆடைகளின் சுற்றுச்சூழல் பாதிப்பைப் பல பெரிய பிராண்டுகள் எண்ணாகக் காட்டின. 2022 ஜூனில் நார்வேயின் நுகர்வோர் ஆணையம், நோரோனா என்ற நிறுவனம் அந்த எண்ணை விளம்பரத்தில் பயன்படுத்தியது வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்துகிறது என்று தீர்ப்பளித்தது; எச்&எம் நிறுவனத்தையும் எச்சரித்தது. காரணம் எளியது: எண் பருத்தியின் பொதுச் சராசரியிலிருந்து வந்தது, விற்ற சட்டையிலிருந்து வரவில்லை. 2026 செப்டம்பர் 27 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இன்னொரு கதவும் மூடுகிறது. எங்கோ மரம் நட்ட கார்பன் கிரெடிட்டை வாங்கிவிட்டு, ஒரு பொருளை ‘கார்பன் நியூட்ரல்’ என்று நுகர்வோரிடம் சொல்வது அன்றிலிருந்து தடை. அந்தச் சொல்லை லேபிளில் நெய்து வைத்திருக்கும் திருப்பூர் நிறுவனங்கள் கையிருப்பு எவ்வளவு என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டு நூற்றாண்டு நிலக்கரியில் வளர்ந்த ஐரோப்பா, கோவைப் பட்டறையிடம் கிலோ கணக்குக் கேட்பது நியாயமா என்ற கேள்வி இருக்கிறது. நியாயமில்லை என்பதே என் கருத்து. சிபாம் வளரும் நாடுகளின் மேல் பாரத்தைத் தள்ளுகிறது என்று இந்திய அரசு சர்வதேச அரங்குகளில் எதிர்ப்புத் தெரிவித்து வருகிறது, தெரிவிக்கவும் வேண்டும். அந்த வாதம் வெல்லும்வரை கன்டெய்னர் கிளம்பிக்கொண்டுதான் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் எண் கேட்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கும். எண் சரியாக இருந்தால் அந்த எதிர்ப்புக்கும் பலம் கூடும்.

செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதி மென்பொருள் வாங்குவதல்ல. வயர் ராடுக்குப் போடும் பர்ச்சேஸ் ஆர்டரில், ஆலையின் பெயர், உற்பத்தி வழி, டன்னுக்கு நேரடி உமிழ்வு ஆகிய மூன்றும் வேண்டும் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். தர மறுக்கும் டீலரிடம் வாங்கும் சுருளின் மலிவு, மேலே பார்த்த ஆயிரங்களில் கரைந்துவிடும். தன் உற்பத்தி ரகசியம் வெளியே போகும் என்று ஆலை தயங்கினால், ஐரோப்பியப் பதிவேட்டில் தானே பதிந்து எண்ணை மட்டும் பகிர அதற்கு வழி இருக்கிறது. ஐரோப்பாவுக்குப் போகும் லாட்டுக்கான கம்பியைக் கிடங்கில் தனியாக வைக்க வேண்டும், ஹீட் நம்பரோடு. ஹீட் ட்ரீட்மென்ட் உலைக்குத் தனி மீட்டர் வேண்டும். கேன்டீன் அடுப்பும் உலையும் ஒரே எல்பிஜி பில்லில் இருந்தால் பிரிப்பது ஊகமாகிவிடும். மாத முதல் நாள் டேங்க் இருப்பை எழுதிக் கையெழுத்திட ஒருவர் வேண்டும். ஷிப்ட் சூப்பர்வைசரின் வேலை அது, ஆலோசகரின் வேலை அல்ல. ஆலோசகர் ஆண்டுக்கு ஒருமுறை வருவார், கொடுத்த தாளை அழகாக்கித் தருவார். தாள் இல்லையென்றால் சராசரியைப் போட்டு நிரப்புவார்.

சான்றிதழ் விற்பனை 2027 பிப்ரவரியில் தொடங்குகிறது. முதல் ஆண்டுக் கணக்கை இறக்குமதியாளர்கள் ஒப்படைக்கக் கடைசி நாள் 2027 செப்டம்பர் 30. தேதி தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். ஆனால் அன்று ஒப்படைப்பது 2026ல் அனுப்பிய சரக்கின் கணக்கு. 2026 ஜனவரி முதல் நாள் எல்பிஜி டேங்கில் எவ்வளவு இருந்தது, அந்த மாதம் உலையில் ஏறிய கம்பி எந்த ஆலையுடையது என்பதெல்லாம் அன்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதாத மாதங்களுக்கு இனி இயல்பு மதிப்புதான்.